1907 மாதிரிப் பயனெட்டின் உறைகளும் தொங்குபட்டைகளும்: ஒரு பெட்டியைச் சுத்தம் செய்து அடையாளம் கண்ட பதிவு

துப்பாக்கி முனையில் பொருத்தும் பயனெட்டுகளைச் சேகரிப்பவர்களில் பெரும்பாலோர் அலகைத்தான் பார்க்கிறார்கள். அலகைத் தாங்கிய உறையும், அந்த உறையை இடுப்புவாரிலிருந்து தொங்கவிட்ட பட்டையும் சந்தையில் சில்லறைப் பொருள்களாகவே கருதப்படுகின்றன. ஃபிராக் என்று சேகரிப்பாளர்கள் அழைக்கும் இந்தத் தொங்குபட்டை பல விற்பனையாளர்களிடம் அலகுக்கு இலவச இணைப்பாகவே கைமாறுகிறது. ஒரு பயனெட் எங்கே இருந்தது, எப்போது இருந்தது, யாருடைய இடுப்பில் இருந்தது என்ற கேள்விகளுக்கு அலகைவிட இந்தத் துணைப்பொருள்களே நெருக்கமான விடையைத் தருகின்றன என்பது என் உறுதியான கருத்து. அண்மையில் என் மேசைக்கு வந்த ஒரு பெட்டியின் மீது நான் செய்த வேலையை, அந்தக் கருத்துக்கான காரணங்களோடு சேர்த்து இங்கே பதிவு செய்கிறேன்.

நான் வசிப்பது கிழக்கு லண்டனில். பெட்டி கிடைத்தது கென்ட் பகுதியில் நடந்த ஒரு பழம்பொருள் சந்தையில். ஒரு வீட்டை ஒழித்தபோது கிடைத்ததாகச் சொல்லி விற்றார்கள். அதற்கு மேல் விவரம் எதுவும் இல்லை. பெட்டியில் அலகு ஒன்றுகூட இல்லை. தோலுறைகள் இரண்டு, எஃகுக் குழாயுறை ஒன்று, பருத்தி நெசவாலான தொங்குபட்டைகள் இரண்டு, தோல் தொங்குபட்டை ஒன்று, பதுங்குகுழி வெட்டும் சிறு கருவியின் மரப்பிடியைத் தாங்கும் பட்டை ஒன்று ஆகியவை தூசியோடும் களிம்போடும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. நெசவுப் பட்டைகளில் ஒன்று நீண்ட தோலுறையில் ஏற்கெனவே மாட்டப்பட்டிருந்தது. அதை ஒரு ஜோடி என்று விற்பனையாளர் சொன்னார். ஜோடி என்ற சொல்லை நான் விலைச்சீட்டில் உள்ள சொல்லாக மட்டுமே எடுத்துக்கொண்டேன்.

இந்தப் பொருள்களில் பெரும்பாலானவை பிரிட்டிஷ் இராணுவத்தின் ஷார்ட் மேகசின் லீ-என்ஃபீல்டு துப்பாக்கிக்கான 1907 மாதிரிப் பயனெட்டைச் சேர்ந்தவை. அதன் அலகு 17 அங்குல நீளம் கொண்டது; ஜப்பானின் அரிசாகா துப்பாக்கிக்கான 30ஆம் வகைப் பயனெட்டை முன்மாதிரியாகக் கொண்டு உருவானது. தொடக்கத்தில் குறுக்குக்காப்பின் கீழ்முனை கொக்கிபோல் வளைந்திருந்தது. 1913-இல் அந்தக் கொக்கி கைவிடப்பட்டது. 1916-இல் பிடியின் தலைப்பகுதியில் அழுக்கு வெளியேற ஒரு துளை சேர்க்கப்பட்டது. அலகின் அடியில் அரச முத்திரையும், 1907 என்ற மாதிரி ஆண்டும், தயாரிப்பு மாதமும் ஆண்டும், தயாரித்தவர் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கும். 1907 என்பதைத் தயாரிப்பு ஆண்டாக எடுத்துக்கொண்டு விளம்பரம் செய்யும் விற்பனையாளர்களை இன்றும் காணலாம்.

அலகு நீண்டநாள் வாழும் பொருள். 1915-இல் செய்யப்பட்ட அலகைத் தீட்டி, பிடிப்பலகையை மாற்றி, மீண்டும் வழங்கி, 1940-களிலும் பயன்படுத்த முடிந்தது. மறுபடி வழங்கிய ஆண்டுக்குறிகள் சில அலகுகளில் அடுத்தடுத்து இருப்பதைக் காணலாம். தோலுறை அவ்வாறு நீடிப்பதில்லை. மழையில் நனைந்து காய்ந்து, தையல் விட்டு, ஓர் அலகின் ஆயுளுக்குள் பலமுறை மாற்றப்படுவது அதன் இயல்பு. தொங்குபட்டையோ வீரனின் இடுப்புவாரோடு பிணைந்தது; வாரின் மாதிரி மாறினால் பட்டையும் மாற வேண்டும். காலத்தை மிகக் குறுகிய எல்லைக்குள் காட்டுவது மூன்றில் மலிவானதான இந்தப் பட்டைதான் என்பதற்குக் காரணம் இதுவே.

பெட்டியைத் திறந்ததும் எதையும் துடைக்காமல், வந்த நிலையிலேயே ஒவ்வொன்றையும் முன்னும் பின்னும், மடிப்புகளின் உட்புறத்திலும் படம் எடுத்தேன். படத்தில் அளவுகோலும் இருந்தது. பிறகு நெசவுப் பட்டைகளின் இடுப்புவார் நுழையும் மேல்மடிப்பை அளந்தேன். அடையாளம் காண்பதில் இதைவிட எளிய, இதைவிட நம்பத்தக்க முதற்படி வேறில்லை. வீரர் அணியும் வார், பை முதலியவற்றின் தொகுதியான 1908 மாதிரி நெசவு உபகரணத்தின் இடுப்புவார் 3 அங்குல அகலம். 1937 மாதிரியின் வார் இரண்டேகால் அங்குலம். மேல்மடிப்பின் உட்புற உயரம் இந்த இரண்டில் ஒன்றைத்தான் ஏற்கும். மில்லிமீட்டரில் சொன்னால் 76-க்கும் 57-க்கும் உள்ள வேறுபாடு. கண்ணால் பார்த்தே ஏறத்தாழச் சொல்லிவிடலாம் என்றாலும் அட்டையில் அந்த இரண்டு அகலங்களுக்கும் துண்டு வெட்டி வைத்துக்கொண்டு நுழைத்துப் பார்ப்பது நல்லது. தோலுறையில் மாட்டியிருந்த பட்டை 3 அங்குல அட்டையைத் தாராளமாக ஏற்றது. தனியாகக் கிடந்த மற்றொன்றில் இரண்டேகால் அங்குல அட்டை மட்டுமே நுழைந்தது. ஆக, முதலாவது 1908 மாதிரி, இரண்டாவது 1937 மாதிரி என்று தற்காலிகமாகக் குறித்துக்கொண்டேன்.

1908 மாதிரிப் பட்டையின் மேல் பச்சை கலந்த காக்கி நிறத்தில் தடிமனான பூச்சு இருந்தது. பிரிட்டிஷ் இராணுவத்தினர் தங்கள் நெசவு உபகரணங்களின் மீது பிளாங்கோ என்ற பூச்சைத் தண்ணீரில் குழைத்துத் தேய்த்துவந்தார்கள். கட்டியாகவும் தூளாகவும் கிடைத்த அது படைப்பிரிவின் விருப்பத்துக்கேற்பப் பல நிறங்களில் வந்தது. இந்தப் பூச்சு சேகரிப்பாளருக்கு ஓர் இக்கட்டைத் தருகிறது. தயாரித்தவரின் மை முத்திரை அதற்குக் கீழே மறைந்திருக்கும். பூச்சைக் கழுவினால் முத்திரை தெரியக்கூடும், ஆனால் பூச்சும் வரலாற்றின் ஒரு படலம்தான். கழுவும் நீரோடு மையும் கரைந்து போகும் வாய்ப்பும் உண்டு. இவற்றைச் சோப்பு நீரில் ஊறவைத்துப் புதிதுபோல் ஆக்கி விற்கும் வழக்கத்தை நான் அறவே ஏற்பதில்லை. கழுவிய பட்டையில் எந்தக் கேள்விக்கும் விடை எஞ்சுவதில்லை.

கழுவாமல் படிக்க வழி உண்டு. மென்மையான தூரிகையால் தளர்ந்த தூசியை மட்டும் அகற்றினேன். உறிஞ்சும் கருவியின் வாயில் மெல்லிய வலைத்துணியைக் கட்டி, மிகக் குறைந்த விசையில், அந்தத் தூசி மீண்டும் நெசவுக்குள் படியாதபடி இழுத்தேன். பிறகு அறையை இருட்டாக்கி, விளக்கைப் பட்டையின் மேற்பரப்புக்கு ஏறத்தாழ இணையாக வைத்து, பக்கவாட்டு ஒளியில் படம் எடுத்தேன். முத்திரை அழுந்திய இடத்தில் நூலிழைகள் மிகச் சிறிதளவு படிந்திருக்கும். நேர் ஒளியில் தெரியாத அந்தத் தாழ்வு பக்க ஒளியில் நிழலாக விழுகிறது. அடுத்து, அதே பட்டையைச் சீரான ஒளியில் எடுத்த வண்ணப்படத்தைக் கணினியில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று அடுக்குகளாகப் பிரித்தேன். பச்சைப் பூச்சு பச்சை அடுக்கில் வெளிறித் தெரியும். கறுப்பு மை எல்லா அடுக்கிலும் கறுப்பாகவே நிற்கும். பூச்சு மெல்லியதாக இருந்த மடிப்பின் உட்புறத்தில், அந்த அடுக்கில் எம். ஈ. கோ. என்ற எழுத்துகளும் 1915 என்ற எண்ணும் தெளிவாக எழுந்தன. 1908 நெசவு உபகரணத்தை உருவாக்கிய மில்ஸ் எக்யுப்மென்ட் கம்பெனியின் குறி அது. மேல்மடிப்பின் அளவும் முத்திரையும் ஒன்றையொன்று உறுதி செய்தன.

இதோடு நின்றிருந்தால் முதல் உலகப் போரின் பட்டை என்று எழுதி வைத்திருக்கலாம். ஆனால் மேல்மடிப்பின் பின்புறத்தில், சிறிய எஃகு அச்சுகளால் ஒவ்வொன்றாக அடித்த இலக்கங்கள் இருந்தன. உருப்பெருக்கிக் கண்ணாடியில் எண்ணிப் பார்த்தபோது ஏழு இலக்கங்கள். இது முக்கியமான செய்தி. முதல் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் காலாட்படை வீரர்களுக்கு எண் வழங்கியவை அந்தந்தப் படைப்பிரிவுகளே. ஒரே எண் பல பிரிவுகளில் பலருக்கு இருந்தது. 1917-இல் பிரதேசப் படை எனப்பட்ட பகுதிநேரப் படையினருக்கு ஆறு இலக்க எண்கள் வந்தன. 1920-இல்தான் இராணுவம் முழுவதற்கும் பொதுவான எண்முறை ஏற்பட்டு, ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் ஒரு தொகுதி எண்கள் ஒதுக்கப்பட்டன; காலாட்படையினருக்கு ஏழு இலக்க எண்கள் பழக்கமானது அப்போதிலிருந்துதான். 1942-இல் புதிதாகச் சேர்ந்தவர்களைப் பொதுச் சேவைப் பிரிவில் முதலில் சேர்க்கும் முறை வந்தபோது 14-இல் தொடங்கும் எட்டு இலக்க எண்கள் தோன்றின. ஆகவே 1915-இல் நெய்த இந்தப் பட்டையை 1920-க்குப் பின் பணியாற்றிய ஒருவர் தம் எண்ணை அடித்து அணிந்திருக்கிறார். 1937 மாதிரி எல்லாருக்கும் போதுமான அளவு கிடைக்கும்வரை 1908 மாதிரி உபகரணம் பயன்பாட்டில் இருந்தது என்ற பொதுவான செய்தியை, ஒரு சாண் நீளமுள்ள பருத்திப் பட்டையே தன்னளவில் சொல்லிவிட்டது. எண் தொகுதியைக் கொண்டு படைப்பிரிவையும் கண்டறிய முடிந்தது. அந்த எண்ணையும் அதன்வழி வெளிப்படும் விவரத்தையும் இங்கே எழுதாமல் என் குறிப்பேட்டில் மட்டும் வைத்திருக்கிறேன். அவருடைய குடும்பத்தினர் யாரேனும் இருக்கலாம்.

இரண்டாவது நெசவுப் பட்டை வேறு வகையானது. இதில் பூச்சு இல்லை. நிறம் மங்கிய வைக்கோல் நிறம். விரலால் தடவினாலே மில்ஸ் நெசவுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு தெரிகிறது. மில்ஸ் பட்டை தேவையான அகலத்துக்கே தறியில் நெய்யப்பட்டதால் இரு ஓரங்களும் நெசவின் ஓரங்களாகவே முடிகின்றன. இதிலோ அகலமான கெட்டித் துணியை வெட்டி, மடித்து, ஓரத்தைத் தைத்துப் பட்டையாக்கியிருக்கிறார்கள். நூல் பருமனாகவும் ஏற்ற இறக்கமாகவும் இருக்கிறது. பின்புறத்தில் மங்கிய மையில் ஓர் அகன்ற அம்புக்குறி, அதன் கீழே ஐ என்ற ஆங்கில எழுத்து. இது இந்தியாவில் ஏற்கப்பட்ட இராணுவப் பொருளின் குறி.

அகன்ற அம்புக்குறி பிரிட்டிஷ் அரசின் உடைமைக்குறி. பேரரசின் ஒவ்வொரு பகுதியும் அதைத் தனக்கேற்ற எழுத்தோடு பயன்படுத்தியது. கனடாவில் சி என்ற எழுத்தின் உள்ளே அம்பு நிற்கும். ஆஸ்திரேலியாவில் இரண்டு டி எழுத்துகளுக்கு நடுவே, நியூசிலாந்தில் என், இசட் எழுத்துகளுக்கு நடுவே, தென்னாப்பிரிக்காவில் யு என்ற எழுத்தோடு அது வரும். ஒரு பட்டையின் நாட்டை அறிய இந்தக் குறிகளைத் தெரிந்து வைத்திருப்பது உதவும். ஆனால் குறி மட்டும் போதும் என்று இருந்துவிடக் கூடாது, ஏனெனில் ரப்பர் முத்திரை செய்வது எளிது. குறி, நெசவு, அளவு ஆகிய மூன்றும் ஒத்துப்போகும்போதுதான் நான் பெயர் எழுதுகிறேன். இந்தப் பட்டையில் மூன்றும் ஒத்துப்போயின.

இதற்கு அடுத்து எடுத்த குட்டைத் தோலுறை என்னை மிகவும் ஈர்த்தது. வழக்கமான 1907 உறை 17 அங்குல அலகுக்கானது. இது 12 அங்குல அலகுக்குரியது. வங்காளத்தில் ஹூக்ளி ஆற்றங்கரையில் உள்ள இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலை இரண்டாம் உலகப் போரின்போது 12 அங்குலப் பயனெட்டுகளைச் செய்தது. அதோடு பழைய 17 அங்குல அலகுகளை வெட்டிக் குறுக்கும் வேலையும் இந்தியாவில் நடந்தது. அலகு குறுகினால் உறையும் குறுக வேண்டும். என் முன் இருந்த கேள்வி, இந்த உறை தொடக்கத்திலேயே குட்டையாகச் செய்யப்பட்டதா, நீண்ட உறையிலிருந்து வெட்டப்பட்டதா, வெட்டப்பட்டதென்றால் அதைச் செய்தது இராணுவப் பட்டறையா, பிற்காலத்தில் ஏதோ ஒரு கொல்லைப்புறக் கத்தியா என்பது.

விடை பின்புறத் தையலில் இருந்தது. புதிதாகத் தைக்கும் உறையில் தையல்காரர் நுனியை நெருங்கும்போது ஓரிரு தையல்களைத் திரும்பத் தைத்து நூலைப் பூட்டுவார். இந்த உறையின் நுனியை மூடும் உலோகப் பூணான நுனிப்பூணுக்குள் சிறிய விளக்கைச் சாய்த்துப் பார்த்தபோது தையல் பூட்டப்படாமல், ஓடிக்கொண்டிருக்கும்போதே அறுபட்டு நின்றது தெரிந்தது. தையல் துளைகளின் வரிசை பூணின் விளிம்பு வரைக்கும் ஒரே இடைவெளியில் சென்று, ஒரு துளையின் பாதியிலேயே தோல் முடிந்திருந்தது. ஆக, இது நீண்ட உறையாகப் பிறந்து வெட்டப்பட்டது. வெட்டு மட்டமாக, ஒரே வீச்சில் விழுந்திருக்கிறது. நுனிப்பூண் இறுக்கமாகப் பொருந்தி, அதன் ஓரம் தோலோடு சமமாகப் படிந்திருக்கிறது. பூணின் மீதுள்ள கறுப்புப் பூச்சும், உறையின் வாயைச் சுற்றியுள்ள வாய்ப்பூணின் பூச்சும் ஒரே அளவு தேய்ந்திருக்கின்றன. வாய்ப்பூணின் பின்புறம் பழைய ஆய்வுக்குறி ஒன்றின் மேலேயே அம்பும் ஐ எழுத்தும் அடிக்கப்பட்டுள்ளன. பட்டறையில் முறையாக மாற்றிய உறை என்று கொள்ள இவை போதும்.

இந்த மாற்றத்தில் என் மனம் தங்கி நின்ற ஓர் இடம் உண்டு. 1907 பயனெட்டின் நீளத்துக்கு முன்னுதாரணமாக இருந்தது ஜப்பானின் 30ஆம் வகை. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியக் காலாட்படை அதே 30ஆம் வகையை, ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் அலகோடு, தொடர்ந்து பயன்படுத்தியது. பர்மாவில் அவர்களை எதிர்கொண்ட இந்தியப் படையிலோ, அந்த ஜப்பானிய முன்மாதிரியிலிருந்து பிறந்த பயனெட்டின் குறுக்கப்பட்ட வடிவம் வழக்கில் இருந்தது. மெட்ராஸ் ராணுவப் பொறியாளர்கள் உட்பட நம் பக்கத்து ஆட்கள் ஏராளமானோர் அந்தப் போர்முனையில் இருந்தார்கள். இந்த உறை அங்கே சென்றது என்று சொல்ல என்னிடம் சான்றில்லை. அப்படி எழுதவும் மாட்டேன். ஆனால் அப்படிப்பட்ட உறைகளை அணிந்தவர்களில் தமிழ் பேசியவர்கள் இருந்தார்கள் என்ற எண்ணம், இதைக் கையாளும்போதெல்லாம் எனக்குக் கூடுதல் கவனத்தைத் தருகிறது.

நீண்ட தோலுறைதான் பழுதுபார்ப்பில் அதிக உழைப்பைக் கேட்டது. பழுப்புத் தோல், அதன் மீது மாங்ரோவைட் என்ற சொல் அழுத்தப்பட்டிருக்கிறது. சிட்னியில் இருந்த தோல் நிறுவனத்தின் குறி அது. இரண்டாம் போர்க்கால ஆஸ்திரேலிய உறைகளில் அடிக்கடி காணப்படுவது. 1915-இல் லண்டன் நிறுவனம் நெய்த பட்டையும் இந்த ஆஸ்திரேலிய உறையும் ஜோடியாக விற்கப்பட்டாலும், அவை பிறப்பிலேயே ஒன்றாக இருந்தவை அல்ல. போரின்போதே ஒருவர் இவற்றைச் சேர்த்திருக்கலாம். வீட்டை ஒழித்தவர் சேர்த்திருக்கலாம். தனித்தனி எண் கொடுத்து, சேர்ந்து வந்தன என்ற குறிப்பை மட்டும் இரண்டின் சீட்டிலும் எழுதினேன்.

உறையின் மேற்பரப்பைப் பஞ்சுக்குச்சியால் தொட்டால் செம்பழுப்புத் தூள் ஒட்டியது. மரப்பட்டைச் சாற்றால் பதனிட்ட தோல், காற்றிலுள்ள கந்தக வாயுக்களால் காலப்போக்கில் அமிலமேறி, நார்கள் சிதைந்து பொடியாக உதிரும் நிலை இது. இந்த நிலையில் தண்ணீர் பட்டால் தோல் கறுத்து விறைத்துவிடும். எண்ணெய் தேய்த்தால் நார்கள் வலுப்பெறாது, எண்ணெய் மட்டும் ஊறி நாளடைவில் பிசுபிசுத்துத் தூசியை ஈர்க்கும். குதிரைச் சேணத்துக்குப் பூசும் எண்ணெயைத் தாராளமாகப் பூசி உறைகளைக் கெடுத்தவர்கள் பலர். கடைகளில் மென்மையாகவும் கருமையாகவும் மினுங்கும் உறைகளில் பெரும்பாலானவை அந்த எண்ணெயின் விளைவுகளே.

நூலகங்களில் பழைய தோல் அட்டைகளுக்குப் பயன்படுத்தும் ஹைட்ராக்ஸி புரோப்பைல் செல்லுலோஸ் என்ற தூளை, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நூற்றுக்கு இரண்டு என்ற அளவில் கரைத்துக்கொண்டேன். அது முழுவதும் கரையச் சில மணி நேரம் ஆகும். இடையிடையே கலக்கிவிட வேண்டும். முதலில் நுனிப்பூணை ஒட்டிய, கண்ணில் படாத இடத்தில் தடவி, உலர்ந்தபின் நிறம் மாறவில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே மற்ற இடங்களுக்குச் சென்றேன். மென்தூரிகையால் ஒருமுறை தடவி, உலரவிட்டு, மறுநாள் மீண்டும் ஒருமுறை. அதன்பின் பஞ்சுக்குச்சியில் தூள் வரவில்லை. தோல் பளபளக்கவும் இல்லை, மென்மையாகவும் ஆகவில்லை; உதிர்வது நின்றது, அவ்வளவே தேவை.

தையல் ஒரு சாண் நீளத்துக்கு விட்டிருந்தது. இதை மூடும் முன் உறைக்குள் அலகின் வடிவத்தில் இழைத்த ஒரு புங்கமரச் சட்டத்தை, ஒட்டாத தாளால் சுற்றி நுழைத்தேன். ஊசி இழுக்கும் விசையில் தோல் உள்வாங்காமல் இருக்க இது உதவும். மெழுகிட்ட லினன் நூலின் இரு முனைகளிலும் மழுங்கிய ஊசி கோத்து, சேணத் தையல் போட்டேன். ஒவ்வொரு பழைய துளையிலும் ஓர் ஊசி இடமிருந்தும் மற்றொன்று வலமிருந்தும் செல்லும். புதிய துளை ஒன்றுகூடப் போடவில்லை. துளையூசியைத் தொட்டால் சிதைந்த தோலில் அஞ்சல்தலையின் ஓரம்போல் கிழியும் கோடு உருவாகிவிடும். பழைய நூலின் எஞ்சிய முனைகளை வெட்டாமல் உள்ளேயே விட்டேன். புதிய நூலைப் பழையதைவிட ஒரு மாற்று வெளிறியதாகத் தேர்ந்தெடுத்தேன், பின்னால் பார்ப்பவர் எது பழுதுபார்த்தது என்று உடனே அறிய வேண்டும் என்பதற்காக. தையலை இறுக்கும் விசையை விரல்களே தீர்மானிக்க வேண்டும்: இரு ஓரங்களும் தொட்டுக்கொண்டால் போதும், அழுந்தத் தேவையில்லை.

வாய்ப்பூணில் துரு இருந்தது. அதன் உட்புறத்தில் அலகைப் பிடித்து நிறுத்தும் தட்டை வில்கள் இருப்பதால் பூணைக் கழற்ற முயலவில்லை. வெளிப்புறத்தில் ஒரு துளி மெல்லிய எண்ணெயிட்டு, பித்தளைத் தகட்டைச் சாய்வாகப் பிடித்துத் துருவின் மேட்டை மட்டும் சீவினேன். பித்தளை எஃகைவிட மென்மையானதால் அடியிலுள்ள கறுப்புப் பூச்சைக் கீறாது. எண்ணெய் தோலுக்குப் பரவாமல் இருக்கத் தோலின் விளிம்பை மெல்லிய பிளாஸ்டிக் தாளால் மறைத்திருந்தேன். இறுதியில் எண்ணெய்ப் பசையை ஒயிட் ஸ்பிரிட் என்ற பெட்ரோலியக் கரைப்பானால் துடைத்து, ரினைசான்ஸ் மெழுகை மிக மெல்லிதாகப் பூசினேன். 1950-களில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உருவான இந்த நுண்படிக மெழுகு உலோகத்துக்கு மிகவும் ஏற்றது. நெசவின் மீதும், பொடியும் தோலின் மீதும் இதைப் பூசுவதை நான் தவிர்க்கிறேன்.

எஃகுக் குழாயுறை, லீ-என்ஃபீல்டின் பிற்கால வகையான 4ஆம் எண் துப்பாக்கியின் கூர்முள் பயனெட்டுக்குரியது. அந்தப் பயனெட் 8 அங்குல நீளமுள்ள ஒரு முள் மட்டுமே. கிளைட்பேங்க்கில் இருந்த சிங்கர் தையல் இயந்திரத் தொழிற்சாலை அதைப் பெருமளவில் செய்தது. உறையில் எழுத்து ஏதும் இல்லை. உறையைத் தொங்குபட்டையில் பிடித்து நிறுத்தும் குமிழ் வட்டமானது, 1907 தோலுறைகளில் வழக்கமாக இருப்பது நீர்த்துளி வடிவக் குமிழ். குமிழின் வடிவத்தை வைத்தே சிதறிக் கிடக்கும் பாகங்களைப் பிரிக்கத் தொடங்கலாம். துருவைச் சீவி மெழுகிட்டதோடு இதன் வேலை முடிந்தது.

கருவிப் பிடித்தாங்கியின் பித்தளைப் பொத்தானைச் சுற்றி மெழுகு போன்ற பச்சைக் களிம்பு படிந்திருந்தது. மரப் பல்குத்தியால் உரித்து, ஒயிட் ஸ்பிரிட்டில் தோய்த்த பஞ்சுக்குச்சியால் துடைத்தால் பித்தளை தன் பழுப்பு நிறத்தோடேயே வெளிப்படும். அதை மெருகேற்றும் திரவங்கள் நெசவுக்குள் இறங்கி வெண்மையாகக் காய்ந்துவிடும். பிறகு எடுக்கவே முடியாது. இத்தகைய தாங்கிகள் இரண்டாம் போரிலும் பயன்பட்டன. அந்தப் போரின் பிற்பகுதியில் கருவியின் மரப்பிடி முனையில் எஃகுப் பூண் ஒன்று சேர்க்கப்பட்டு, அதில் கூர்முள் பயனெட்டைப் பொருத்திக் கண்ணிவெடியைத் தேடும் துழாவுகோலாகப் பயன்படுத்தும் வசதி வந்தது.

எஞ்சியது தோல் தொங்குபட்டை. 1914 மாதிரித் தோல் உபகரணத்தைச் சேர்ந்தது என்று அதன் சீட்டில் எழுதியிருந்தது. 1914 ஆகஸ்டில் போர் தொடங்கியபோது, திரண்டுவந்த புதிய படைகளுக்குப் போதுமான நெசவு உபகரணத்தைத் தறிகளால் தர முடியவில்லை. அந்தக் குறையை நிரப்பவே தோல் மாதிரி ஏற்கப்பட்டது. ஆகவே இந்த வகைப் பட்டைகளுக்குத் தேவை அதிகம், நகல்களும் அதிகம். வரலாற்று நடிப்புக் குழுக்களுக்காக இந்தியா உட்படப் பல நாடுகளில் அவை செய்யப்படுகின்றன. அந்தத் தேவை நியாயமானது. பழையதென்று சொல்லி அவற்றை விற்பதுதான் தவறு.

புற ஊதா விளக்கில் இதன் தையல் நூல் நீலவெண்மையாக ஒளிர்ந்தது. போருக்குப் பின் பரவலான ஒளிர்வேதிப்பொருள்கள் கலந்த நூல் இவ்வாறு ஒளிரும். ஆனால் உண்மையான பழைய பட்டையையும் இன்றைய சலவைத் தூளில் துவைத்தால் அது ஒளிரும் என்பதால், இந்தச் சோதனை ஒன்றையே தீர்ப்பாகக் கொள்ளக் கூடாது. தோலின் வெட்டு விளிம்பை உருப்பெருக்கியில் பார்த்தேன். மேலும் கீழும் பழுப்புச் சாயம். நடுவில் சாம்பல் கலந்த நீலக் கோடு. அது குரோமிய உப்பால் பதனிட்ட தோலின் குறி. மரப்பட்டையால் பதனிட்ட தோல் விளிம்பு முழுவதும் பழுப்பாகவே இருக்கும். அக்கால உபகரணத் தோல் அந்த வகையைச் சேர்ந்தது. நூலும் தோலும் ஒரே முடிவைச் சொன்னதால், மேல்மடிப்பின் உட்புறத்தில் அழியாத மையில் நகல் என்று எழுதினேன். என் கையைவிட்டு இது எங்கே சென்றாலும் அந்தச் சொல் கூடவே செல்லும்.

எல்லாவற்றையும் அமிலமற்ற தாளில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் அடைக்காமல், மூடியில் காற்று புகும் அட்டைப்பெட்டியில் வைத்திருக்கிறேன். நெசவுப் பட்டைகளின் மடிப்புகளுக்குள் அதே தாளைச் சுருட்டி வைத்தால் மடிப்புக்கோட்டில் இழை முறியாது. தோலுறைக்குள் அலகை வைத்துப் பாதுகாக்க நினைப்பவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும். தோலின் அமிலமும் ஈரமும் அலகைத் துருவேற்றும், துரு தோலைத் தின்னும். அலகு தனியாகவும், உறை தனக்குரிய மரச்சட்டத்தோடும் இருக்கட்டும். சீட்டுகளைப் பொருளில் ஒட்டாமல் பருத்தி நூலால் கட்டியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் கண்டது ஒரு பக்கம், கருதுவது மறுபக்கம். மில்ஸ் பட்டையின் சீட்டில் கண்டது என்ற பக்கத்தில் அளவு, முத்திரை, ஏழு இலக்கம் ஆகியவை உள்ளன. படைப்பிரிவின் பெயர் கருதுவது என்ற பக்கத்தில், பென்சிலில் இருக்கிறது.